கார்ன்வால் பாஸ்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் பெரிய ரயில் நிலையம் எதிலாவது மதிய வேளையில் இறங்கி நடந்தால், வெந்த மாவும் மிளகும் கலந்த ஒரு மணம் வழிமறிக்கும். அந்த மணத்தின் திசையில் ஒரு சிறிய கடை இருக்கும். அங்கே காகிதப் பையில் வைத்துத் தரப்படும் பிறை வடிவப் பண்டத்தை வாங்கிக்கொண்டு மக்கள் ரயிலைப் பிடிக்க விரைவார்கள். அந்தப் பண்டம்தான் பாஸ்டி. இங்கிலாந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் வரும் நண்பர்களும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் பலமுறை கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

பாஸ்டி என்பது என்ன?

வட்டமாகத் தேய்த்த கோதுமை மாவின் ஒரு பாதியில் இறைச்சியும் காய்கறியும் சேர்ந்த பூரணத்தை வைத்து, மறுபாதியை அதன்மேல் மடித்து, ஓரத்தைப் பின்னல் போல முறுக்கி மூடி, ஓவனில் சுட்டு எடுப்பதே பாஸ்டி. தீபாவளிச் சோமாசியைப் பார்த்தவர்களுக்கு இதன் வடிவத்தை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால் சோமாசி உள்ளங்கைக்குள் அடங்கும் தின்பண்டம். பாஸ்டியோ ஒரு வேளைச் சாப்பாடு. இதை எண்ணெயில் பொரிப்பதும் இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான வேறுபாடு, பூரணம் பச்சையாகவே உள்ளே வைக்கப்படுவதுதான். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாவுக் கூட்டுக்குள் தம் நீரிலேயே ஆவியில் வேகின்றன. இறைச்சியின் கொழுப்பு உருகிக் கிழங்கில் ஊறுகிறது. முன்கூட்டியே வதக்கிய பூரணத்தை வைத்தால் அந்தச் சாறு கிடைக்காது. நல்ல பாஸ்டியைப் பிட்டுப் பார்த்தால் மசாலாக் குழம்பு எதுவும் தென்படாது. ஈரம் மட்டும் இருக்கும், அந்த ஈரத்தில் மிளகு மணக்கும்.

பாஸ்டியும் பேஸ்ட்ரியும் ஒன்றா?

இல்லை. பேஸ்ட்ரி என்பது கொழுப்புச் சேர்த்துப் பிசைந்த மாவையும் அதில் செய்யும் பண்டங்களையும் குறிக்கும் பொதுப்பெயர். நம் ஊர்ப் பேக்கரிகளில் கேக் துண்டையும் அப்படியே அழைக்கிறார்கள். பாஸ்டி அந்த மாவில் செய்யும் ஒரு குறிப்பிட்ட உணவு. இரண்டு சொற்களும் மாவுப் பிசைவைக் குறிக்கும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை என்பதால்தான் இந்தக் குழப்பம். பாஸ்டி என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. பாஸ்டிக்குப் பெயர்பெற்ற தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வாலில் இதற்கு ‘ஆகி’ என்று ஒரு செல்லப்பெயரும் உண்டு. உருளைக்கிழங்கு மிகுந்து இறைச்சி குறைந்த ஏழை வீட்டுப் பாஸ்டியை ‘டிடி ஆகி’ என்பார்கள். அவ்வட்டார வழக்கில் டிடி என்றால் உருளைக்கிழங்கு.

முதன்முதலில் இதை யார் செய்தார்கள்?

ஒருவர் பெயரைச் சொல்ல முடியாத உணவு இது. இறைச்சியையோ மீனையோ மாவில் பொதிந்து சுடும் வழக்கம் இடைக்கால ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டு முதலே பாஸ்டி என்ற சொல் எழுத்தில் காணப்படுகிறது. கிழக்குக் கடற்கரையில் உள்ள கிரேட் யார்மத் நகரம், 100 ஹெர்ரிங் மீன்களை 24 பாஸ்டிகளாகச் சுட்டு ஆண்டுதோறும் அரசருக்குச் செலுத்தும் கடமையைக் கொண்டிருந்தது.

அக்காலப் பாஸ்டி ஏழைகளின் உணவாக இருக்கவில்லை. கோதுமை மாவு விலை உயர்ந்த பொருள். மான் வேட்டையோ பிரபுக்களின் தனியுரிமை. எனவே மான்கறிப் பாஸ்டி என்பது விருந்தில் தகுதியைக் காட்டும் பதார்த்தமாக இருந்தது. லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பீப்ஸ் என்னும் அரசு அதிகாரி 1660 ஜனவரியில் எழுதிய நாட்குறிப்பில், ஒரு விருந்தில் மான்கறிப் பாஸ்டி என்று பரிமாறப்பட்டது உண்மையில் மாட்டிறைச்சியாக இருந்ததைக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். இன்று மாட்டிறைச்சி இல்லாவிட்டால் அது கார்ன்வால் பாஸ்டியே இல்லை என்கிறது சட்டம்; அன்று மாட்டிறைச்சி இருந்ததே ஒரு குறை.

அப்படியானால் கார்ன்வாலுக்கும் இதற்கும் என்ன உறவு? டெவன்காரர்கள் தங்களுடையது என்கிறார்களே?

கார்ன்வால் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டிருக்கும் தீபகற்பம். அதற்குக் கிழக்கே டெவன். இரண்டையும் டேமர் ஆறு பிரிக்கிறது. டெவனில் உள்ள பிளிமத் நகரத்தின் 1510-ஆம் ஆண்டை ஒட்டிய கணக்கேட்டில், மான்கறியைப் பாஸ்டியாகச் செய்த சமையற்காரருக்குக் கூலி கொடுத்த குறிப்பு ஒன்று உள்ளது. 2006-இல் இந்தக் குறிப்பு செய்திகளில் வெளிவந்தபோது, பாஸ்டி டெவனில்தான் பிறந்தது என்று அங்குள்ளவர்கள் மகிழ்ந்தார்கள், கார்ன்வால்காரர்கள் கொதித்தார்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் குறிப்பு எந்த ஊருக்கும் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. அதற்கு முன்பே இங்கிலாந்தின் பல பகுதிகளில் பாஸ்டி இருந்திருக்கிறது. ஒரு கணக்கேடு அழியாமல் தப்பியது என்பதற்காக, கணக்கு எழுதாத ஊர்களில் யாரும் பாஸ்டி சுடவில்லை என்று முடிவு கட்ட முடியாது. கார்ன்வாலின் உரிமை வேறு வகையானது. பிரபுக்களின் விருந்துப் பதார்த்தத்தை உழைப்பாளியின் மதியச் சாப்பாடாக மாற்றி, அதற்கு இன்றைய வடிவத்தையும் பூரணத்தையும் கொடுத்து, உலகமெங்கும் கொண்டுசென்றவர்கள் கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். நாட்டின் பிற பகுதிகளில் பாஸ்டி மெல்ல வழக்கொழிந்தபோது அதை விடாமல் வைத்திருந்தவர்களும் அவர்களே.

டேமர் ஆற்றைப் பற்றி ஒரு நாட்டார் கதையும் உண்டு. கார்ன்வால் பெண்கள் எது கிடைத்தாலும் பாஸ்டிக்குள் வைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்ட சாத்தான், தன்னையும் பூரணமாக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, அந்த ஆற்றைத் தாண்டவே இல்லையாம்.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு இது ஏன் அவ்வளவு பொருந்தியது?

இதைப் புரிந்துகொள்ள அந்தச் சுரங்கங்களின் ஆழத்தை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் வெட்டினார்கள். கேம்போர்ன் அருகே உள்ள டால்கோத் சுரங்கம் காலப்போக்கில் 3,000 அடிக்கும் கீழே சென்றது. தொழிலாளர்கள் நெடுங்காலம் ஏணிகளின் வழியாகத்தான் இறங்கி ஏறினார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் முதல் இயந்திரம் 1842-இல்தான் ட்ரெசவியன் சுரங்கத்தில் வந்தது. வேலை முடிந்து ஏணியில் ஏறி வருவதே உயிரை வாங்கும் உழைப்பாக இருந்த இடத்தில், மதியச் சாப்பாட்டுக்காக மேலே வருவது நினைத்தும் பார்க்க முடியாதது. ஆகவே காலையிலேயே சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்குத் தட்டு, கரண்டி எதுவும் தேவைப்படக் கூடாது. அது இடுப்பிலோ பையிலோ கிடந்து ஏணியில் இடிபட்டாலும் உடையக் கூடாது. சில மணி நேரமாவது சூடு தங்க வேண்டும். கடும் உழைப்பைத் தாங்கும் அளவுக்கு மாவும் கிழங்கும் கொழுப்பும் அதில் இருக்க வேண்டும். பாஸ்டியின் ஒவ்வொரு இயல்பும் இந்தத் தேவைகளில் ஒன்றுக்கு விடையாக இருப்பதைக் கவனித்தால், அதன் வடிவத்தில் தற்செயலாக வந்தது எதுவும் இல்லை என்பது தெரியும்.

வேலை நடுவே சாப்பிடும் அந்த உணவு நேரத்தை அவர்கள் ‘கிரவுஸ்ட்’ என்றும் ‘கிரிப்’ என்றும் சொன்னார்கள். வீட்டில் செய்யும்போதே பாஸ்டியின் ஒரு மூலையில் உரியவரின் பெயரின் முதலெழுத்தை மாவால் பதித்துவிடுவது வழக்கம். மறுமுனையிலிருந்து உண்ணத் தொடங்கினால், பாதியில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாலும் மிச்சம் யாருடையது என்பதில் சண்டை வராது.

எல்லோருக்கும் கோதுமைப் பாஸ்டி கிடைத்தது என்று எண்ண வேண்டாம். வறிய வீடுகளில் பார்லி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, அதில் உப்பிட்ட பன்றியிறைச்சித் துணுக்கு ஒன்றை அழுத்திச் சுட்ட ‘ஹாகன்’ என்னும் கல் போன்ற உருண்டைதான் உணவு. இன்று வெண்ணெய் மணக்கும் பாஸ்டியைக் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கும்போது இந்த ஹாகனையும் நினைத்துக்கொள்வது, அந்த மக்களின் வாழ்க்கையைச் சரியாக அறிய உதவும்.

கையில் ஆர்சனிக் நஞ்சு ஒட்டியிருக்கும் என்பதால் ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு அதை எறிந்துவிடுவார்கள் என்பது உண்மையா?

பாஸ்டியைப் பற்றி மிகுதியாகச் சொல்லப்படும் கதை இதுதான். வெள்ளீயத் தாதுவுடன் ஆர்சனிக் கலந்து கிடைப்பது உண்மை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கார்ன்வாலும் மேற்கு டெவனும் உலகச் சந்தைக்கு ஆர்சனிக் விற்ற பகுதிகள் என்பதும் உண்மை. ஆனால் தடித்த ஓரம் பிடித்து எறிவதற்காகவே உருவானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சுரங்கத்திற்குள் எடுத்த பழைய புகைப்படங்களில் தொழிலாளர்கள் பாஸ்டியைத் துணியிலோ காகிதத்திலோ சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தின்பதைக் காண்கிறோம். துணியே கையின் அழுக்கைத் தடுத்துவிடும். அரை வயிற்றுக் கூலிக்கு உழைத்தவர்கள் கைப்பிடி அளவு மாவைத் தினமும் வீசியிருப்பார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஓரப் பின்னலின் முதல் வேலை மூடுவது. சாறு வெளியே வராமல் காப்பது.

எறியப்பட்ட துணுக்குகளைப் பற்றி வேறொரு நம்பிக்கை இருந்தது. சுரங்கச் சுவர்களுக்குள் ‘நாக்கர்’ என்னும் குறும்பேய்கள் தட்டிக்கொண்டிருப்பதாகவும், அவற்றுக்குப் பாஸ்டியின் கடைசித் துண்டை விட்டுவைத்தால் ஆபத்து வரும்முன் எச்சரிக்கும் என்றும் தொழிலாளர்கள் நம்பினார்கள். கடலுக்குப் போன கார்ன்வால் மீனவர்களோ இதற்கு நேர்மாறு: படகில் பாஸ்டியை ஏற்றுவதே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

சரியான பூரணம் எது? காரட் சேர்க்கலாமா?

மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு, உப்பு, மிளகு. இவ்வளவுதான். ஸ்வீடு என்பது டர்னிப் குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சள் நிறச் சதையும் இலேசான இனிப்பும் கொண்ட கிழங்கு. கார்ன்வாலில் அதையே டர்னிப் என்றுதான் சொல்வார்கள், எனவே அங்கே கடையில் டர்னிப் கேட்டு மஞ்சள் கிழங்கைக் கொடுத்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இறைச்சியில் ‘ஸ்கர்ட்’ எனப்படும், வயிற்றின் உட்புறத்தை ஒட்டிய தசைதான் உகந்தது. அதில் சாறு அதிகம், மாவு வேகும் நேரத்திற்குள் அதுவும் வெந்துவிடும். காரட்டை நினைத்தும் பார்க்கக் கூடாது. கார்ன்வாலில் காரட் போட்ட பாஸ்டியைப் பற்றிப் பேசினால், சாம்பாரில் சர்க்கரை கொட்டியவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு வரலாற்றுக் குறிப்பையும் சேர்க்க வேண்டும். உருளைக்கிழங்கும் ஸ்வீடும் கார்ன்வாலின் சாமானிய வீடுகளுக்கு 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாக வந்தன. ஆகவே இன்று தொன்றுதொட்ட முறை என்று போற்றப்படும் பூரணம், பாஸ்டியின் நீண்ட வரலாற்றில் பிற்பகுதிக்கு உரியது.

ஒரு பாதி காரமாகவும் மறுபாதி இனிப்பாகவும் இருக்குமாமே?

ஒரு முனையில் இறைச்சியும் மறுமுனையில் ஆப்பிளோ பழப்பாகோ வைத்துச் செய்வது பற்றிய பேச்சு உண்டு. ஆனால் கார்ன்வாலில் அது அன்றாட வழக்கமாக இருந்ததாகத் தெரியவில்லை. அத்தகைய இருமுனை உணவுக்குப் பெயர்பெற்றது பெட்ஃபர்ட்ஷயர் வட்டாரத்தின் ‘கிளாங்கர்’.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதாகச் சொல்கிறார்களே, அது என்ன?

கார்ன்வாலின் பாஸ்டி தயாரிப்பாளர் சங்கம் பல ஆண்டுகள் முயன்றதன் பயனாக, 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் அந்நாட்டின் சொந்தக் குறியீட்டு முறையில் இது தொடர்கிறது. விதிகளின்படி கார்ன்வால் பாஸ்டி கார்ன்வாலுக்குள் தயாரிக்கப்பட வேண்டும். வடிவம் பிறையாக இருக்க வேண்டும். ஓரப் பின்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும், உச்சியில் இருக்கக் கூடாது. மாட்டிறைச்சி குறைந்தது 12.5 விழுக்காடும் காய்கறி குறைந்தது 25 விழுக்காடும் இருக்க வேண்டும். பூரணம் பச்சையாக வைக்கப்பட்டு உள்ளேயே வேக வேண்டும். செயற்கை நிறமும் மணமும் ஆகாது.

சுடுவது மட்டும் வேறு ஊரில் நடக்கலாம். லண்டன் ரயில் நிலையக் கடையில் சூடாகக் கிடைப்பது இப்படித்தான்: கார்ன்வாலில் மடித்து உறைய வைத்து அனுப்பியதை அங்கே சுடுகிறார்கள். இந்தச் சலுகை நியாயமானது என்றே நினைக்கிறேன்; கைத்திறன் வேண்டிய வேலை ஊரிலேயே நிற்கிறது, கூலியும் அங்கேயே சேர்கிறது. இறைச்சி அளவு 12.5 விழுக்காடு மட்டும் என்பதுதான் எனக்குக் குறைவாகப் படுகிறது. நல்ல பேக்கரிகள் இதைவிட மிகுதியாகவே வைக்கின்றன.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் என்ன செய்வது?

பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்தது ஏறத்தாழ எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். ஆட்டிறைச்சியும் புதினாவும், கோழியும் காளானும், காய்கறிக் கறி மசாலா என்று பல வகைகள் உண்டு. இவை எவையும் கார்ன்வால் பாஸ்டி என்ற பாதுகாக்கப்பட்ட பெயரில் விற்கப்படக் கூடாது. வெறும் பாஸ்டி என்று விற்பார்கள். சைவ உணவினர் கவனிக்க வேண்டியது வேறொன்று: மாவைப் பிசையப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். உள்ளே காய்கறி என்பதற்காக மாவும் சைவம் என்று கொள்ளாமல், கடையில் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் பாஸ்டி கிடைப்பது எப்படி?

1860-களில் செம்பு விலை வீழ்ந்ததும் கார்ன்வாலின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1861 முதல் 1901 வரையிலான 40 ஆண்டுகளில் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் கார்ன்வாலை விட்டு வெளிநாடு சென்றதாக ஒரு கணிப்பு உண்டு. பூமியில் எங்கே ஒரு குழி இருந்தாலும் அதன் அடியில் ஒரு கார்ன்வால்காரர் இருப்பார் என்பது அக்காலச் சொல்வழக்கு. அவர்கள் போன இடமெல்லாம் பாஸ்டியும் போனது.

மெக்சிகோவுக்கு அவர்கள் இன்னும் முன்பே போய்விட்டார்கள். ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாட்டில், போரால் சிதைந்து நீர் நிரம்பிக் கிடந்த ரியல் தெல் மோன்தே வெள்ளிச் சுரங்கங்களை மீட்க, 1824-இல் ஜான் டெய்லர் என்னும் சுரங்கப் பொறியாளர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். நீராவி எந்திரங்களுடன் 1825-இல் கரையிறங்கிய கார்ன்வால் தொழிலாளர்களில் பலர், வெராக்ரூஸ் கடற்கரையிலேயே மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார்கள். எஞ்சியவர்கள் எந்திரங்களை மலைமேல் ஏற்றினார்கள். இன்று அந்த மலையூரிலும் அருகிலுள்ள பச்சூக்கா நகரத்திலும் ‘பாஸ்தே’ என்ற பெயரில் விற்காத தெருவே இல்லை எனலாம். ஓரப் பின்னல் அப்படியே இருக்கிறது. உள்ளேதான் மிளகாயும் பீன்ஸ் மசியலும், மோலே என்னும் கெட்டிக் குழம்பில் வெந்த கோழியும், அன்னாசிப் பழமும் வந்துவிட்டன. ரியல் தெல் மோன்தேயில் பாஸ்தேக்கு ஓர் அருங்காட்சியகமே உண்டு. ஆண்டுதோறும் திருவிழாவும் நடக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வடபகுதியில் செம்புச் சுரங்கங்களுக்குப் போனவர்களைப் பார்த்து, பின்னால் வந்த பின்லாந்துத் தொழிலாளர்கள் பாஸ்டியைக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் நாட்டிலும் இதைப் போன்ற பண்டம் இருந்ததால் அது விரைவில் பின்லாந்து உணவாகவே அங்கே பெயர்பெற்றுவிட்டது. அவர்கள் காரட் சேர்க்கிறார்கள்; அதைக் கார்ன்வாலில் சொல்ல வேண்டாம். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் மூன்டா, கடினா, வல்லரூ ஆகிய செம்பு நகரங்கள் சின்னக் கார்ன்வால் என்றே அழைக்கப்பட்டன. அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கார்ன்வால் விழாவில் பாஸ்டி இல்லாமல் எதுவும் நடக்காது.

தமிழர்களுக்கும் இந்த மக்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மெக்சிகோ முயற்சியைத் தொடங்கிய அதே ஜான் டெய்லரின் குடும்ப நிறுவனம்தான் 1880-இல் கோலார் தங்கவயலின் நிர்வாகத்திற்கு வந்தது. சுரங்கத் தலைவர்களாகவும் கைதேர்ந்த தொழிலாளர்களாகவும் கார்ன்வாலிலிருந்து ஆட்கள் அழைத்துவரப்பட்டார்கள். அவர்களுக்குக் கீழே பாறையை உடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் வட்டாரங்களிலிருந்து போன தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. 2001-இல் தங்கவயல் மூடப்பட்டது.

மெக்சிகோவில் நடந்தது போலப் பாஸ்டி கோலாரில் ஊர் உணவாக மாறவில்லை. அங்கே கார்ன்வால்காரர்கள் மேற்பார்வையாளர்களாகத் தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். தொழிலாளர் குடியிருப்புகள் வேறு, அடுப்பங்கரைகள் வேறு. ஓர் உணவு ஒரு சமூகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிடுவது தேவைப்படுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. மிச்சிகனில் அது நடந்தது. கோலாரில் நடக்க விடவில்லை.

சுரங்கங்கள் மூடிய பிறகு இது எப்படி நாடெங்கும் மதிய உணவானது?

1859-இல் டேமர் ஆற்றின்மேல் பொறியாளர் புருனல் கட்டிய ரயில் பாலம் திறக்கப்பட்டதும் கார்ன்வாலுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். கடற்கரையில் கையில் பிடித்துத் தின்ன ஏற்ற பாஸ்டி, அவர்கள் ஊருக்குத் திரும்பிய பின்னும் தேடும் சுவையானது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய தொழிற்சாலைகள் இதைக் குளிர்பெட்டிகளில் நாடெங்கும் அனுப்பின. பிறகு ரயில் நிலையங்களில் சூடான பாஸ்டிக் கடைகள் பெருகின. கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998-இல் மூடப்பட்டபோது, பாஸ்டித் தொழில் கார்ன்வாலில் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலாக வளர்ந்திருந்தது.

இங்கிலாந்து அலுவலகங்களில் மதிய இடைவேளை மிகக் குறுகியது. பலர் மேசையிலோ நடந்துகொண்டோ சாப்பிடுகிறார்கள். சாண்ட்விச் குளிர்ந்தது. பாஸ்டி சூடானது, வயிற்றை நிரப்புவது, ஒரு கையால் உண்ணக்கூடியது.

‘பாஸ்டி வரி’ என்பது என்ன?

2012 மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், கடைகளில் சூடாக விற்கும் சுட்ட பண்டங்களுக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்க முன்மொழிந்தார். அதுவரை, ஓவனிலிருந்து எடுத்து ஆறவிட்டு விற்கும் பாஸ்டிக்கு அந்த வரி இல்லை. தொழிலாளியின் மதியச் சாப்பாட்டில் அரசு கைவைக்கிறது என்று எதிர்ப்பு மூண்டது. கார்ன்வாலில் மக்கள் ஊர்வலம் போனார்கள். கடைசியாகப் பாஸ்டி சாப்பிட்டது எப்போது என்று அமைச்சரிடம் நாடாளுமன்றக் குழு கேட்டபோது அவரால் நினைவுகூர முடியவில்லை. மே மாத இறுதியில் அரசு பின்வாங்கியது: சுட்ட பிறகு தானாக ஆறிக்கொண்டிருக்கும் பாஸ்டிக்கு வரி இல்லை, சூடாகவே வைத்திருந்து விற்றால் வரி உண்டு என்று முடிவானது.

வீட்டில் செய்ய முடியுமா?

தாராளமாக. 500 கிராம் மாவு. அது ரொட்டிக்கு உரிய, இழுபடும் தன்மை மிகுந்த கோதுமை மாவாக இருக்க வேண்டும், ஏனெனில் பிஸ்கட் மாவு பூரணத்தின் கனத்தைத் தாங்காது. அதில் ஒரு தேக்கரண்டி உப்பும் 145 கிராம் அளவுக்குக் குளிர்ந்த வெண்ணெயும் தாவரக் கொழுப்பும் சேர்த்து உதிர்த்து, 175 மில்லி குளிர்ந்த நீர் விட்டுப் பிசைந்து, மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஓய்வு கொடுக்காத மாவு தேய்க்கும்போது சுருங்கும். 450 கிராம் இறைச்சி, 450 கிராம் உருளைக்கிழங்கு, 250 கிராம் ஸ்வீடு, 200 கிராம் வெங்காயம் இதற்குப் போதும். காய்களைத் துருவக் கூடாது, மிக்ஸியில் அடிக்கக் கூடாது. கத்தியால் மெல்லிய சீவல்களாக வெட்ட வேண்டும். மிளகைத் தாராளமாகப் போடலாம்.

பின்னல்தான் கடினம். கார்ன்வாலில் உள்ள ட்ரூரோ நகரில் நான் சில மாதங்கள் தங்கியிருந்த வீட்டின் மூதாட்டி எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். ஓரத்தில் தண்ணீர் தொட்டு ஒட்டி, இடது கைச் சுட்டுவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்து, வலது கைக் கட்டைவிரலால் அடுத்த விரற்கடை மாவை அதன்மேல் மடித்துத் திருப்ப வேண்டும். உடனே இடது விரல் அந்த மடிப்பின்மேல் ஏறி அழுத்த வேண்டும். அவர் விரல்கள் நகர்ந்ததை என் கண்ணால் தொடர முடியவில்லை. ஒரு பாஸ்டிக்கு 20 மடிப்புக்கு மேல், பத்து நொடிகூட ஆகவில்லை. நான் பின்னிய முதல் இரண்டும் ஓவனில் வாய் பிளந்து, சாறு தட்டில் ஒழுகிக் கருகியது. மூன்றாவதில், மடிக்குமுன் பூரணத்தைக் கையால் குவித்து ஓரத்திலிருந்து தள்ளிவைக்கச் சொன்னார், அது நின்றது. இடதுகைக்காரர்கள் பின்னும் பாஸ்டியை அங்கே சேவல் என்றும், வலதுகைக்காரர்களுடையதைக் கோழி என்றும் சொல்வதையும் அவரிடம்தான் கேட்டேன்.

மேலே முட்டையோ பாலோ தடவி, 200 பாகை வெப்பத்தில் 20 நிமிடமும், பிறகு 170 பாகையில் 35 முதல் 40 நிமிடமும் சுட்டால் போதும்.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

காகிதப் பையிலிருந்து பாதி வெளியே எடுத்து, ஒரு முனையிலிருந்து கடிக்க வேண்டும். ஓவனிலிருந்து வந்தவுடன் கடித்தால் உள்ளிருக்கும் ஆவி நாக்கைப் பொசுக்கிவிடும்; பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். கத்தி, முள்கரண்டி, குழம்பு எதுவும் வேண்டாம். செயின்ட் ஐவ்ஸ் போன்ற கடற்கரை ஊர்களில் சுவரையோ கடைமுகப்பையோ முதுகுக்கு வைத்து நின்று சாப்பிடுவது நல்லது. அங்குள்ள கடற்காகங்கள் பின்னாலிருந்து தோளுக்கு மேலாக வந்து, முழுப் பாஸ்டியையும் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விடும்.